சூட்டுக்குச் சொந்தக்காரி

தம்பி, கொஞ்சம் அந்தப் பக்கம் ஒதுங்கிக்கங்க. இந்த மூட்டைய உங்க சீட்டுக்கடியில தள்ளிக்கிறேன். கால அது மேலயே வச்சுக்கங்க, ஒண்ணும் ஆகாது, கதகதன்னு இருக்கும். குதிரை லத்திதான். ரெண்டு சாக்கு போட்டு இறுக்கிக் கட்டியிருக்கேன், வாடை வராது. வந்தாலும் அதனால யாரும் செத்தாப் போயிட்டாக? அந்தக் கண்டக்டரு மூஞ்சியப் பாத்தீங்களா? லக்கேஜ் டிக்கெட் வாங்கிட்டேன்ல, அப்புறம் என்னய்யா மொறைப்பு?

நான் கால இப்பிடி நீட்டிக்கிறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. முட்டிய மடக்க முடியல. நாலஞ்சு வருசமா இந்த வலி உசுர எடுக்குது.

மேல ஊருக்கா? சுத்திப் பாக்க வந்தீகளா? மார்கழியில இந்த மெல்லிசு ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டா? நல்லா வந்தீங்க. வண்டி இப்போதைக்கு நகராது. முன்னால பாருங்க, லீவுக்கு வந்த காரெல்லாம் வளைவுல வரிசை கட்டி நிக்குது. எவனோ ஒருத்தன் நடு ரோட்டுல நிப்பாட்டி போட்டோ புடிக்கிறான். எனக்கு மத்தியானத்துக்குள்ள வீடு போயிச் சேரணும். இந்த லத்திக்காகத்தான் காலைல மொத பஸ்ஸப் புடிச்சு டவுனுக்கு எறங்கி, ஏரிக்கரை லாயம் வரைக்கும் போயிட்டு வர்றேன்.

லத்திக்கு என்ன அவசரம்னு கேக்குறீங்க. கேளுங்க, கேளுங்க. எங்க ஓரகத்தி தவமணி பண்ற அநியாயத்த யாருகிட்டயாச்சும் கொட்டுனாத்தான் எனக்குச் சோறு எறங்கும். ஓரகத்தின்னா என் கொழுந்தன் பொண்டாட்டி. எங்க வீட்டுக்காரரும் கொழுந்தனும் குதிரைக்காரங்க. ஏரிக்கரையில டூரிஸ்ட்டுகள ஏத்தி ஒரு சுத்து சுத்தி எறக்கி விடுறதுதான் பொழப்பு. வீடு மேல ஊர்ல, அடுத்தடுத்து. அவ வீட்டுப் பின்ரூம்பு சுவருதான் என் தோட்டத்துக்கு எல்லை. இதப் புரிஞ்சுக்கங்க, அந்தச் சுவருதான் விவகாரமே.

எங்க ஊர்ல கார்த்திகை பாதிக்கு மேல பனி கொட்டும். விடிஞ்சு பாத்தா புல்லெல்லாம் உப்புத் தூவுன மாதிரி வெள்ளையாக் கெடக்கும். வெயில் பட்டா செடி கருகிப் போகும். கேரட்டு தாங்கும், பூண்டு தாங்கும். பீன்ஸ் தாங்காது. சாயந்தரம் பச்சப்பசேல்னு நின்ன செடி காலைல கறுத்துத் தொங்கும். அதனால எங்க ஊர்ல ஐப்பசி பொறந்துட்டா ஒருத்தரும் பீன்ஸ் ஊண மாட்டாங்க.

நான் ஊணுனேன்.

எப்பிடின்னு கேளுங்க. லாயத்துக்குப் பின்னால லத்திய அள்ளி அள்ளிக் கொட்டி மலையாக் குமிச்சு வச்சிருப்பாங்க. போன வருசம் பனிக் காலத்துல ஒரு நாள் வெள்ளனமே அங்க போனேன். சுத்தி எல்லாம் வெள்ளை. அந்தக் குமிய ஒட்டி மட்டும் புல்லு பச்சையா நிக்குது. குமியில இருந்து ஆவி வேற பறக்குது. கைய விட்டுப் பாத்தேன். யாத்தே, சுட்டிருச்சு! லத்தி மக்குறப்ப உள்ளுக்குள்ள சூடு கெளம்புது. எங்க வீட்டுக்காரரு முப்பது வருசமா அந்தக் குமிக்குப் பக்கத்துல நின்னுதான் பல்லு வெளக்குறாரு. ஒரு நாளாவது இது ஏன்னு யோசிச்சாரா? மக்கு. லத்தி மக்குனா சூடு வருது. இந்த மனுசன் கல்யாணமான நாள்ல இருந்து மக்காத்தான் இருக்காரு, ஒரு சூடு சொரணை வந்தது கிடையாது.

இந்த வருசம் ஐப்பசியில இடுப்பளவு குழி வெட்டச் சொன்னேன். லத்தி, காஞ்ச சருகு, முட்டைக்கோஸ் எலை எல்லாத்தையும் போட்டு மிதிச்சு, தண்ணி தெளிச்சு, மேல மண்ணைப் போட்டு மூடி, பீன்ஸ் வெதைய ஊணுனேன். மூங்கில வளைச்சுக் கட்டி பாலிதீன் தாளையும் போத்துனேன். ஊரே வந்து வேடிக்கை பாத்துச்சு. மொத வெதை என்னாச்சு தெரியுமா? அவிஞ்சு போச்சு. மண்ணுக்குள்ளயே சுண்டல் மாதிரி வெந்து கெடக்கு. சூடு ஏறுற அவசரத்துல ஊணிட்டேன். தவமணி சிரிச்சாளாம். பாலூத்துற வசந்தாதான் வந்து சொன்னா. "சிட்டக்கா பீன்ஸ மண்ணுலயே சமைச்சிருச்சு"ன்னாளாம். சிரிக்கட்டும்.

பெறகு ஒரு இரும்புக் கம்பிய பாத்திக்குள்ள குத்தி வச்சேன். அத உருவித் தொட்டா கை பொறுக்கணும். பொறுக்குற பதம் வந்தப்புறம் மறுபடி ஊணுனேன். மொளைச்சு வந்துச்சு பாருங்க! ஊர்ல ஒரு பச்சை இல்ல, எல்லாம் கருகிக் கெடக்கு. என் பாலிதீன் கூடாரத்துக்குள்ள மட்டும் பீன்ஸ் செடி எலை விரிச்சு நிக்குது. காலைல தாளத் தூக்குனா வெந்நி வச்ச அண்டா மாதிரி ஆவி. பொங்கலுக்கு மொத பீன்ஸ் என் வீட்டுப் பீன்ஸ்தான், கோயிலுக்கு முன்னால கூடையோட கொண்டு போயி எறக்குறதுன்னு சபதம் போட்டுட்டேன். ஊர் முழுக்கச் சொல்லியும் வச்சிட்டேன்.

இதுக்கு நடுவுல எங்க வீட்டுக்காரரு ஒரு வேலை பண்ணாரு. தெனம் சாயந்தரம் லாயத்துல இருந்து ஒரு மூட்டை லத்தி கொண்டாருவாரு. அத பாத்திக்குக் கொண்டு வராம, அந்தச் சுவரு இருக்குல்ல, தவமணி வீட்டுப் பின்ரூம்புச் சுவரு, அதோட அடியில கொட்ட ஆரம்பிச்சாரு. சுகன்யாவ ஆஸ்பத்திரியில இருந்து புள்ளையோட வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்களே, அந்த வாரம். அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, நாள் ஞாபகத்துக்குச் சொல்றேன்.

"என்னய்யா இது, பாத்திக்கு வராம அங்க எதுக்குக் கொட்டுற?"

"அங்க காத்து அடிக்காது. மக்கட்டும். பெறகு பாத்திக்கு எடுத்துக்கலாம்."

அந்த மனுசன் சேந்தாப்புல இவ்வளவு பேசி நான் பாத்ததே இல்ல. சரி, லேட்டாவாச்சும் புத்தி வந்துச்சேன்னு விட்டுட்டேன். குமி ஏறுது, ஏறுது, ஆள் ஒசரம் வந்திருச்சு. காலைல எந்திரிச்சதும் அத மம்பட்டியால கெளறி விடுவாரு. தண்ணி தெளிப்பாரு. சாக்கு போத்தி விடுவாரு. நான் காய்ச்சல்ல கெடந்தப்பக்கூட எனக்குப் போத்தி விட்டதில்ல தம்பி.

சுகன்யா யாருன்னு சொல்லலையே. தவமணி மக. பெத்தது அவ, வளத்தது நான். எனக்குப் புள்ள இல்ல. அதுக்கென்ன, அந்தப் புள்ள எங்கூடத்தான் படுக்கும், எங்கூடத்தான் திங்கும். என்னைப் பெரியம்மான்னு கூப்பிட மாட்டா, "பெரீ"ன்னுதான் கூப்பிடுவா. அவ கல்யாணத்துலதான் எல்லாம் நாசமாப் போச்சு. மாப்ளையும் பொண்ணும் வீட்டுக்குள்ள நொழையுற நேரம், நான் ஆரத்தித் தட்டோட வாசல்ல போயி நிக்கிறேன். இந்தத் தவமணி வந்து கையில இருந்து தட்ட வாங்குறா. "நீங்க உக்காருங்கக்கா, வேற யாராச்சும் எடுக்கட்டும்"ங்குறா. ஊரே பாத்துச்சு. அதுக்கு என்ன அர்த்தம்? புள்ள பெறாதவ எடுக்கக் கூடாதுன்னு அர்த்தம். அவ அப்பிடிச் சொல்லல. சொல்லாட்டி எனக்கு வெளங்காதா? பெறகு ஆள் விட்டுச் சொல்றா, "அக்கா காலைல முட்டி வலின்னாங்க, ரொம்ப நேரம் நிக்க வேணாமேன்னுதான் சொன்னேன்"னு. கேட்டீங்களா கதைய? முட்டி வலியாம்! என்ன நெஞ்சழுத்தம் பாருங்க. அன்னைக்கு வந்த கோவம். ரெண்டு வருசமாச்சு, அவளுக்கும் எனக்கும் பேச்சுக் கிடையாது.

அண்ணனும் தம்பியும் மட்டும் ஏரிக்கரையில ஒண்ணா நின்னு டீ குடிப்பாங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு.

சுகன்யாவுக்குப் புள்ள எட்டாம் மாசத்துலயே பொறந்திருச்சு. பொட்டப்புள்ள. ஒரு கையில அடங்குற அளவுதானாம். "சூடா வச்சிருங்க, சூடா வச்சிருங்க"ன்னு டாக்டரம்மா சொல்லிச் சொல்லி அனுப்பியிருக்கு. எங்க ஊர்ல கரண்டு வந்தா வரும், போனா போகும். கரி மூட்டுனா பொகை. எல்லாம் வசந்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சுகன்யா எங்க வீட்டுக்காரருகிட்டச் சொல்லி விட்டாளாம், "பெரீய வந்து புள்ளையப் பாக்கச் சொல்லுங்க"ன்னு. சொல்லி விட்டா ஓடிருவேனா? பெத்தவ வந்து வாசல்ல நின்னு கூப்பிட வேணாமா? மானம் ரோசம்னு ஒண்ணு இருக்குல்ல. நான் போகல. அந்தப் புள்ள அழுகுற சத்தம் மட்டும் சுவத்துக்கு இந்தப் பக்கம் கேக்கும். கம்பு உரசுற மாதிரி கீச்சுக் கீச்சுன்னு. என் தூக்கமே போச்சு. நான் அந்தக் குமிக்குப் பக்கத்துல மணையப் போட்டு உக்காந்துதான் வெங்காயம் உரிப்பேன், பூண்டு உரிப்பேன். வெயில் அங்கதான் நல்லா விழும்.

அப்பத்தான் ஒரு நாள் வசந்தா மூச்சு வாங்க ஓடி வர்றா. "யக்கா, சங்கதி தெரியுமா? தவமணி அக்கா வீட்டுப் பின்ரூம்புச் சுவத்துல அம்மன் எறங்கியிருக்கு!"

"எந்த அம்மன்?"

"எல்லையம்மன்தான். ஊரே வெறைச்சுக் கெடக்கு, அந்தச் சுவரு மட்டும் தொட்டா சுடுதுக்கா. பச்சப் புள்ளையக் காப்பாத்த ஆத்தாவே வந்து சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கா. கோடாங்கி வந்து உடுக்கடிச்சுச் சொல்லிட்டாரு. மஞ்சள் பூசி, குங்குமம் வச்சு, வேப்பிலை சொருகியிருக்காங்க. சனம் வந்து வந்து தொட்டுக் கும்பிடுது. நானும் கன்னத்துல போட்டுட்டு வர்றேன்."

எனக்கு எப்பிடி இருக்கும் சொல்லுங்க. நான் அந்தச் சுவத்தையும் பாக்குறேன், அதுல சாஞ்சு கெடக்குற என் லத்திக் குமியையும் பாக்குறேன். அந்தப் பக்கம் சூடம் காட்டுறாளுக, இந்தப் பக்கம் குதிரை லத்தி ஆவி பறக்குது! நான் கண்டுபுடிச்ச சூடு. என் வீட்டு லத்தி. என் புருசன் சொமந்த மூட்டை. பேரு மட்டும் அம்மனுக்கும் தவமணிக்கும். "உங்க வீட்டுக்குத்தான் ஆத்தா வருவா, நீங்க புண்ணியம் பண்ணவங்க"ன்னு ஊரே அவளத் தூக்கி வச்சுப் பேசுதாம். என்னைப் பத்தி ஒரு பேச்சு உண்டா? என் பாத்தியில வேற சூடு கொறையுது. மூட்டையெல்லாம் சுவத்துக்குல்ல போகுது. பின்ன கொறையாதா?

கேக்கலாம்னா பேச்சுக் கிடையாது. நேரா டவுனுக்கு வந்து ஸ்டேஷனுக்குப் போயிட்டேன்.

ஏட்டய்யா ஒருத்தரு உக்காந்திருந்தாரு. நல்ல மனுசன்தான். "என்னம்மா?"ன்னாரு. "அய்யா, லத்தி விசயமா ஒரு புகார்"னேன். அவரு எந்திரிச்சுட்டாரு. திரும்பி மூலையப் பாக்குறாரு, அங்க கம்பெல்லாம் சாத்தி வச்சிருக்கு. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுறாரு. "எந்த ஸ்டேஷன் லத்தி? யாரு கையில இருக்கு? யாரையும் அடிச்சுட்டாங்களா?"ங்குறாரு. "அடிக்கல அய்யா, குமிச்சு வச்சிருக்கு"ன்னேன். "குமிச்சா? எத்தன இருக்கும்?" "ஒரு வண்டி தேறும்"னேன். அந்த மனுசன் போன எடுத்துட்டாரு, பெரிய ஆபீசருக்கு அடிக்க. அப்புறம்தான் எனக்கே ஒறைச்சுது. "அய்யா, அந்த லத்தி இல்லைய்யா, குதிரை போடுற லத்தி!"ன்னேன். ஸ்டேஷனே சிரிச்சு உருண்டுச்சு. லாக்கப்ல இருந்த பயலும் சிரிக்கிறான்.

"சரிம்மா, லத்திய யாரு திருடுனா?"

"யாரும் திருடல. குமி என் எடத்துலதான் இருக்கு. அதுல இருந்து வர்ற சூட்ட அவ திருடிக்கிட்டா."

ஏட்டய்யா கண்ணத் தொடச்சுக்கிட்டு சொன்னாரு, "சூட்டுக்கெல்லாம் கேஸ் போட முடியாதும்மா. குப்பை உங்களது, எடம் உங்களது. புடிக்கலேன்னா சுவத்த விட்டுத் தள்ளி வச்சுக்கங்க. போயிட்டு வாங்க"ன்னு.

தள்ளி வைக்கச் சொல்லிட்டாரா? போலீசே சொல்லிருச்சா? நானா ஒண்ணும் பண்ணல தம்பி. சட்டம் சொன்னதத்தான் பண்ணேன். வீட்டுக்கு வந்தேன், மம்பட்டிய எடுத்தேன், ஆள் ஒசரக் குமிய இழுத்துத் தள்ளி தோட்டம் முழுக்கப் பரத்தி விட்டேன். இந்த முட்டிய வச்சுக்கிட்டு! ஒரு மூட்டைகூட சுவத்தத் தொடக் கூடாதுன்னு பெருக்கியும் விட்டேன். நல்லா ஆவி பறந்துச்சு. கொஞ்ச நேரத்துல எல்லாம் அடங்கிருச்சு. லத்தி ஒண்ணாக் குமிஞ்சு கெடந்தாத்தான் சூடு. பரத்துனா வெறும் சாணிதான்.

சாயந்தரம் எங்க வீட்டுக்காரரு மூட்டையோட வந்தாரு. பாத்தாரு. மூட்டைய எறக்கக்கூட இல்ல, தோள்ல வச்சபடியே நின்னாரு. "போலீஸ் ஆர்டரு"ன்னேன். சாப்பாடு வேணாம்னுட்டாரு. வயிறு சரியில்ல போல. லாயத்துல கண்டதையும் வாங்கித் திங்கிறது. ஒரு சுக்குக் கசாயம் வச்சுக் குடுத்தேன், அதையும் குடிக்கல.

மறுநாள் வசந்தா வந்தா. "ஆத்தா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாக்கா, சுவரு ஐஸ் மாதிரி இருக்கு. யாரோ தீட்டு பண்ணிட்டாங்களாம்"னு சொல்லிட்டு என்னை ஒரு மாதிரிப் பாத்தா. "போனாப் போகட்டும்"னேன்.

அன்னைக்கும் அதுக்கு அடுத்த நாளும் நல்ல பனி. நான் வழக்கம் போல மணையப் போட்டு உக்காந்து பூண்டு உரிக்கிறேன். என்னமோ மாதிரி இருக்கு. என்னன்னு வெளங்கல. ரொம்ப நேரங்கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அந்தக் கீச்சுச் சத்தம் கேக்கல.

தூங்குதுன்னு நெனச்சேன். நல்லதாப் போச்சு, நிம்மதியா வேலை பாக்கலாம்னு உரிச்சேன். ஒரு பல்லு உரிப்பேன், காதக் குடுப்பேன். இன்னொண்ணு உரிப்பேன், காதக் குடுப்பேன். எந்திரிச்சுப் போயி சுவத்துல காதையே வச்சேன். சுவரு சில்லுன்னு காதக் கடிக்குது. உள்ள ஒரு சத்தமும் இல்ல. பொய் சொல்லக் கூடாது தம்பி, உரிச்ச பூண்ட அப்பிடியே போட்டேன். வசந்தா வீட்டுக்கு ஓடுனேன். "தெரியாதாக்கா? விடியுறதுக்கு முன்னாலயே ஜீப்ல தூக்கிட்டுப் போயிட்டாங்க. ஒடம்பு சில்லிட்டுப் போயி, பாலே உறிஞ்ச மாட்டேங்குதாம் புள்ள"ன்னா.

நான் என்ன பண்ணேன்னு நெனைக்கிறீங்க? ஆஸ்பத்திரிக்குப் போகல. எப்பிடிப் போறது, யாரு கூப்பிட்டா? எல்லையம்மன் கோயிலுக்கு முன்னால போயி நின்னேன். "ஏண்டி ஆத்தா, நெசமாவே வந்து அந்தச் சுவத்துல உக்காந்தா கொறைஞ்சா போயிருவ? எல்லாத்தையும் நானேவா பாக்கணும்?"னு நல்லாக் கேட்டு விட்டேன். நின்னு அழுதுட்டு வந்தேன். பனி கண்ணுக்கு ஒத்துக்காது எனக்கு.

நாலஞ்சு நாள் ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சிருந்தாங்க. புள்ள தேறிருச்சு. சாயந்தரம் கூட்டிட்டு வர்றாங்கன்னு ஒரு நாள் காலைல சேதி வந்துச்சு. "ஐயய்யோ, மறுபடி அந்த ஐஸ் ரூம்புலயா?"ன்னு ஒரு யோசனை வந்துச்சு. எனக்கு இல்ல, வசந்தாவுக்கு. அவதான் சொன்னா. மத்த ரூம்பெல்லாம் தகரம், காத்து பிச்சுக்கிட்டு வரும். அந்தப் பின்ரூம்பு ஒண்ணுதான் கல்லுக் கட்டடம்.

நான் பரத்தி விட்ட லத்தியெல்லாம் பனியில நனைஞ்சு ஊறிப் போயிக் கெடக்கு. புது லத்தி கொண்டாந்து குமிச்சா சூடு கெளம்ப அஞ்சாறு நாள் ஆகும். லாயத்துக் குமியில இருந்து அவ்வளவையும் ஒரே நாள்ல சொமக்கவும் முடியாது. ஊர்லயே சூடா இருக்குற லத்தி ஒரே எடத்துலதான் இருந்துச்சு. என் பீன்ஸ் பாத்திக்கு அடியில.

தாளத் தூக்கிப் பாத்தேன். பூ விட்டிருந்துச்சு தம்பி. வெள்ளை வெள்ளையா, ஒரு செடிக்கு எத்தன பூ! அடியில ஒண்ணு ரெண்டு பிஞ்சுகூட எறங்கியிருந்துச்சு, சுண்டு வெரல் நகம் அளவுக்கு. பொங்கலுக்குக் கூடை நெறைய எறக்கியிருப்பேன். ஊரே வாயப் பொளந்திருக்கும். சரி, அந்தச் செடிகள்ல பூச்சி விழுந்திருச்சு. ஆமா, பூச்சி. எலைக்கு அடியில பாத்தேன், இருக்கிற மாதிரி இருந்துச்சு. பூச்சி விழுந்த பாத்திய வச்சுக்கிட்டு என்ன பண்றது? புடுங்கிப் போட்டேன். எல்லாத்தையும் புடுங்கிப் போட்டு, மண்ண வெலக்கி, லத்திய வெட்டி எடுத்தேன். குப்புன்னு ஆவி மூஞ்சில அடிச்சுது. கூடையில அள்ளி அள்ளிக் கொண்டு போயி சுவத்தோரம் கொட்டுறேன். எத்தனை கூடைன்னு தெரியாது. முட்டி எங்க இருக்குன்னே தெரியல.

அந்த மனுசன் எப்ப வந்தாருன்னு பாக்கல. நிமிந்தா பக்கத்துல நிக்கிறாரு. லாயத்துக்குப் போகாம பாதி வழியிலயே திரும்பிட்டாராம். புடுங்கிப் போட்ட செடியப் பாக்குறாரு, பூவப் பாக்குறாரு.

"பீன்ஸு?"ன்னாரு.

"பூச்சி விழுந்திருச்சு"ன்னேன்.

"ஆமா, நேத்தே பாத்தேன்"னாரு.

பாத்தீங்களா மக்குத்தனத்த? நேத்து பூச்சியும் இல்ல ஒண்ணும் இல்ல! அப்புறம் அவரும் ஒரு கூடைய எடுத்தாரு. மத்தியானத்துக்குள்ள குமி ஏறிருச்சு. கெளறி, தண்ணி தெளிச்சு, சாக்கு போத்தி, மேல என் பீன்ஸ் பாலிதீனையும் போட்டு மூடுனோம். ரெண்டு பேரும் உக்காந்து சோறு தின்னோம். அன்னைக்கு மூணு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாரு. வயிறு சரியாயிருச்சு போல.

சாயந்தரம் ஜீப்பு சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரத்துல உள்ள பொம்பளைக பேச்சு. "ஏ தவமணி, சுவத்தத் தொட்டுப் பாருடி! ஆத்தா திரும்பி வந்துட்டாடி!"ன்னு ஒரே கொலவை. தேங்கா ஒடைக்கிறாங்க, மணி ஆட்டுறாங்க. இந்தப் பக்கம் நான் மேலெல்லாம் லத்தியோட நிக்கிறேன். கோவம் வருமா வராதா? எனக்குக் கோவம்தான் வந்துச்சு. அப்ப கீச்சுன்னு ஒரு சத்தம். முன்ன விட நல்ல தெம்பான சத்தம். அதோட நான் உள்ள போயிட்டேன்.

சுவத்தோரம் குமிக்கிறது நல்ல எடம்னுதான் அங்கயே விட்டிருக்கேன். காத்து அடிக்காதுல்ல. அடுத்த வருசப் பாத்திக்கு இப்பவே மக்க வைக்கிறோம், வேற ஒண்ணும் இல்ல. இப்ப லீவுக் கூட்டம், எங்க வீட்டுக்காரரு ரெண்டு நாளா லாயத்துலயே தங்கிட்டாரு. புது லத்தி வரல. நானும் அசந்துட்டேன்.

இன்னைக்கு வெள்ளன குமிக்குத் தண்ணி தெளிக்கப் போனேன். உள்ள தவமணி குரல். தெனமும் சுவத்தப் பாத்து சூடம் காட்டி, "ஆத்தா, புள்ளையக் காப்பாத்து ஆத்தா"ன்னு பேசுவா. நான் காதுல வாங்குறதில்ல, எனக்கு ஆயிரம் வேலை. இன்னைக்கு சூட வாடை இல்ல. மெதுவாப் பேசுறா. சுவத்துல வாய வச்சுப் பேசுற மாதிரி. நல்லாக் காது குடுத்துக் கேட்டேன் தம்பி. ஆத்தாவக் கூப்பிடல.

"அக்கா, ரெண்டு நாளா சூடு கொறைஞ்சிருச்சுக்கா. புள்ள சுருண்டு சுருண்டு படுக்குது."

என்ன திமிரு பாருங்க! ரெண்டு வருசமா வாயத் தொறக்காதவ பேசுற மொத வார்த்தையா இது? நல்லாருக்கீகளான்னு கேட்டாளா? வந்து புள்ளையப் பாருங்கன்னு கூப்பிட்டாளா? சூடு கொறைஞ்சிருச்சாம்! காப்பிக் கடையில ஆறிப்போன காப்பியத் திருப்பிக் குடுக்குற மாதிரி! அப்ப ஆரம்பத்துல இருந்தே அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. அம்மன் கதையெல்லாம் ஊருக்கு.

நான் விடுவேனா? நானும் சுவத்துல வாய வச்சு, "ரெண்டு நாளா வாயில என்னடி கொழுக்கட்டையா வச்சிருந்த? புள்ளையக் கட்டில்ல போடாத, சுவரோரமா மெத்தையப் போட்டு ஒட்டிப் படுக்க வையி. தலைக்குத் துணியக் கட்டு. மத்தியானத்துக்குள்ள லாயத்துக் குமியில இருந்து சூடாவே லத்தி கொண்டாந்துருவேன்"னேன்.

"சரிக்கா"ன்னா.

அவ்வளவுதான். மொத பஸ்ஸப் புடிச்சு வந்துட்டேன். அந்தா, காரு நகருது. யப்பா டிரைவரு, கொஞ்சம் மிதிச்சுப் போப்பா!

என்ன கேட்டீங்க? ராசி ஆயிட்டோமாவா? நல்லாக் கேட்டீங்க போங்க. அவளுக்கும் எனக்கும் இன்னைய வரைக்கும் பேச்சே கிடையாது தம்பி.